ஆபீசரின் இடது கண்

அக்கா,

இன்று காலை மூன்றாவது மூட்டையைப் பிரித்தேன். கட்டை அவிழ்த்ததும் சாமை உமியின் காய்ந்த வாசனை வந்தது. கூடவே நீங்கள் பூச்சி வராமலிருக்க நடுநடுவே போட்டு வைத்திருந்த வேப்பிலையின் கசப்பு. கையை விட்டு அள்ளிப் பார்த்தேன். ஒரு துளித் தூசு இல்லை. இரண்டு முறை சலித்து, தண்ணீரில் அலசி, பாறையில் பரப்பிக் காயவைத்த உமி அது. அள்ளியதைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கூண்டுக்குள்ளிருந்து ஆபீசர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் இடது கண்ணில் மறுபடியும் நீர். கன்னத்து முடி நனைந்து ஒட்டிக் கிடந்தது.

அந்தப் பெயரை வைத்தது நீங்கள்தான். நான் கலசப்பாக்கத்திலிருந்து மாற்றலாகி இந்த மலைப் பள்ளிக்கு வந்த இரண்டாவது வருடம், ஒடுகத்தூர் சந்தையில் அந்த வெள்ளை முயலைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகுதான் வாடகை வீட்டில் அதை வைத்துக்கொள்ள முடியுமா என்ற யோசனையே வந்தது. ஓனர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று நானே முடிவு செய்து, பக்கத்து வீட்டுக்காரியான உங்கள் தலையில் கட்டினேன். பள்ளியில் சத்துணவுக்குச் சமைத்துவிட்டு வந்து, வீட்டில் ஆடு கோழியையும் பார்த்துக்கொள்கிறவருக்கு இது ஒரு பாரமா என்று நினைத்துக்கொண்டேன். நீங்களும் மறுக்கவில்லை. இரண்டே நாளில், "இன்னா டீச்சர் இது, தீனி வந்தாத்தான் எழுந்திருக்குது. நம்ம ஊருக்கு வர்ற ஆபீசருங்க மாதிரியே இருக்குது" என்றீர்கள். பெயர் நிலைத்துவிட்டது. முயல் என்னுடையது, வேலை உங்களுடையது, உத்தரவு மட்டும் என்னுடையது.

நான் சாயங்காலம் பள்ளி விட்டு வரும்போது பேக்கரியில் ஒரு பன் வாங்கி வருவேன். சில நாள் பிஸ்கட். அது பன்னை முன்னங்கால்களால் அழுத்திக்கொண்டு தின்பதைப் பார்ப்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நீங்கள் ஓடையோரத்திலிருந்து அறுத்து வந்த புல் ஒரு மூலையில் வாடிக் கிடக்கும். "புல்லு தின்ற வாய்க்கு பன்னு எதுக்கு டீச்சர்?" என்று ஒருநாள் கேட்டீர்கள். "அதுவும் கொஞ்சம் நல்லது சாப்பிடட்டுமே அக்கா" என்று சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். அதற்குமேல் ஒரு டீச்சரிடம் என்ன சொல்ல முடியும்?

முதல் தடவை கண்ணில் நீர் வந்தபோது மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டேன். நாலு நாளில் சரியானது. மூன்றாவது வாரம் மறுபடியும் வந்தது. இந்த முறை பிசுபிசுவென்று வெள்ளையாக. நீங்கள் நந்தியாவட்டைப் பூவை ஈரத்தோடு அதன் கண்மேல் வைத்துப் பிடித்திருந்ததைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் கூண்டுக்குள் பரப்பியிருந்த உமி என் கண்ணில் பட்டது.

"இந்த உமியை எங்கேருந்து கொண்டு வர்றீங்க?"

"மில்லுலேர்ந்துதான் டீச்சர். சாமை அரைச்ச உமி. கோழிக்கி, ஆட்டுக்குட்டிக்கி எல்லாம் நாங்க இதான் போடறது."

"இந்தத் தூசுதான் கண்ணுக்குள்ள போகுது. கொஞ்சம் சுத்தமா வெச்சுக்கணும் அக்கா."

'சுத்தம்' என்ற சொல்லை நான் எந்தக் குரலில் சொன்னேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. நகம் வெட்டாமல் வந்த பிள்ளையிடம் வகுப்பில் சொல்லும் குரல். நான் கீழேயிருந்து வந்தவள், படித்தவள், நீங்கள் மலைக்காரி. வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, என் மனதில் ஓடியது அதுதான். உங்கள் முகம் சுருங்கியது. "அப்டிங்களா" என்று மட்டும் சொன்னீர்கள்.

மறுநாள் விடிந்ததும் உங்கள் வீட்டுப் பின்புறம் சல்லடைச் சத்தம் கேட்டது. முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உமியைச் சலித்துக்கொண்டிருந்தீர்கள். பனிக்காலத்தில் உங்களுக்கு இழுப்பு வரும் என்று எனக்குத் தெரியும். இருமி இருமிச் சலித்தீர்கள். நான் பல் துலக்கிக்கொண்டே சன்னல் வழியாகப் பார்த்தேன். திருந்திவிட்டார் என்று நினைத்தேன்.

கண் சரியாகவில்லை. ஒரு சனிக்கிழமை ஆபீசரைக் கூடையில் வைத்துத் துணி கட்டி, பஸ்ஸில் ஒடுகத்தூருக்கு இறங்கி, கால்நடை டாக்டரிடம் காட்டினேன். அவர் கண்ணை ஒரு முறை பார்த்துவிட்டு வாயைத் திறந்து டார்ச் அடித்தார்.

"இன்னாம்மா தீனி போடறீங்க?"

"பன், பிஸ்கட் சார். ஆசையா தின்னுது."

"புல்லு?"

"தொடறதே இல்ல சார்."

அவர் டார்ச்சை அணைத்தார். "முயலுக்கு சாகுற வரைக்கும் பல்லு வளரும்மா. புல்லை மென்னு மென்னுதான் அது தேயணும். பன்னுல இன்னா தேயும்? கடவாய்ப் பல்லு நீண்டு போயி, வேரு உள்ள ஏறி, கண்ணீரு மூக்குக்கு எறங்குற குழாய அடைச்சிருக்குது. போற வழி இல்லாம கண்ணுல வழியுது."

எனக்கு அப்போதும் விட மனமில்லை. "உமித்தூசு ஏதாவது சார்?"

"தூசுன்னா ரெண்டு கண்ணுலயும்தானே விழும்? இதுக்கு ஒரு கண்ணுதானே?"

நாலு எழுத்து படித்த எவளுக்கும் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி. அவர் பல்லை வெட்டிவிட்டு, குழாயைக் கழுவிவிட்டு, புல்லைத் தவிர வேறெதுவும் கூடாது என்று சொல்லி அனுப்பினார். உள்ளே ஏறிய வேர் இனி இறங்காது, கண்ணில் நீர் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கும், பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்றும் சொன்னார்.

மலை ஏறும் பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, உங்களிடம் எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு வளைவிலும் யோசித்தேன். 'நீங்க சொன்னதுதான் சரி அக்கா, என் பன்னாலதான் வந்திருக்கு.' அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. பஸ் நிற்கும் இடத்திலேயே நீங்கள் காத்திருந்தீர்கள். கூடைத் துணியை விலக்கிப் பார்த்துக்கொண்டே, "இன்னா சொன்னாரு டாக்டரு? தூசுதானுங்களே?" என்று கேட்டீர்கள்.

"ஆமாக்கா, அதுவும்தான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பக்கத்தில் பள்ளிக்கூடப் பெற்றோர் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். காரணம் அவ்வளவுதான். அவர்கள் போன பிறகு சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில், பேக்கரியில் பன் போடுவதையே நிறுத்திவிட்டார்கள், இனிமேல் புல்லே போடுங்கள் என்று இன்னொரு பொய்தான் சொன்னேன். புல் தின்னத் தொடங்கியதும் ஒரு மாதம் கண் தெளிவாக இருந்தது. "பாத்தீங்களா டீச்சர், சலிச்சதும் சரியாப் போச்சி!" என்று சல்லடையைத் தூக்கிக் காட்டினீர்கள். நான் தலையாட்டினேன்.

டாக்டர் சொன்னபடியே மறுபடியும் நீர் வந்தது. என்னைக் கண்டதும் நீங்கள்தான் குற்றவாளி போல நின்றீர்கள். "நல்லாத்தான் சலிச்சேன் டீச்சர். எப்டி வந்துச்சின்னு தெரியல." அதற்குப் பிறகு இரண்டு முறை சலித்தீர்கள். அதுவும் போதாதென்று அலசிக் காயவைத்தீர்கள். ஒவ்வொரு முறையும் இருமல் சத்தம் என் சன்னல் வரை வந்தது.

புளி உலுக்குகிற மாதத்தில் உங்களுக்கு மூச்சு முட்டி, கீழே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் பார்க்க வந்த மதியம் நீங்கள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தீர்கள். உடம்பைப் பற்றிப் பேசவில்லை. "மூணு மூட்டை உமி சலிச்சி வெச்சிருக்கேன் டீச்சர். நா வர்ற வரைக்கும் வரும். நீங்க ஒன்னும் கவலப்படாதீங்க" என்றீர்கள்.

"அக்கா, உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்."

"இன்னாங்க டீச்சர்?"

"சீக்கிரம் வாங்க. பிள்ளைங்க உங்க சாம்பாரைக் கேட்டுக்கிட்டே இருக்குதுங்க."

நாலாவது நாள் நீங்கள் போய்விட்டீர்கள். நெஞ்சு பலவீனம் என்றார்கள். உமித்தூசு அதற்கு ஒரு காரணமா என்று யாரிடமும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்னும் வரவில்லை.

காரியம் முடிந்ததும் உங்கள் வீட்டுக்காரர் கூண்டையும் மூன்று மூட்டைகளையும் கொண்டுவந்து என் வாசலில் வைத்தார். முயல் வைத்துக்கொள்ளலாமா என்று ஓனரிடம் கேட்டேன். "அதுக்கின்னா, வெச்சிக்கோங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். முதல் நாளே கேட்டிருந்தால் அந்தக் கூண்டு உங்கள் வீட்டுக்கே வந்திருக்காது.

இப்போது தினமும் நான்தான் புல் அறுக்கிறேன். வெந்நீரை ஆறவைத்து, பஞ்சை நனைத்து, கண்ணின் மூலையிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்கிறேன். பல் நீண்டதும் ஒடுகத்தூருக்குக் கொண்டு போகிறேன். கையில் நாலு கீறல் விழாமல் ஒரு நாளும் கழிவதில்லை. உங்களை அது கீறி நான் பார்த்ததே இல்லை.

இன்று மூட்டையைப் பிரித்த கையோடு உங்கள் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பன், பல், டாக்டர், பஸ் நின்ற இடம், ஆஸ்பத்திரி எல்லாம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் கொஞ்சம் லேசாக இருக்கும் என்றும் நினைத்தேன், உண்மையைச் சொன்னால்.

அவர் கையிலிருந்த புளியைக் கீழே வைத்தார். "அப்ப அவ பன்னு வேணாம்னு சொன்னது சரிதானுங்களா டீச்சர்?"

"சரிதாங்க. அவங்க சொன்னதுதான் சரி."

அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "இத அவகிட்ட சொல்லியிருந்தீங்கன்னா, டீச்சருக்கே தெரியாதது எனக்குத் தெரிஞ்சிச்சின்னு ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சிருப்பா" என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் புளியை எடுத்துக்கொண்டார்.

பழியை உங்கள் தலையில் போட்டதை மட்டும்தான் இத்தனை நாளும் நினைத்து அழுதுகொண்டிருந்தேன், அக்கா. அந்த ஒரு வாரத்தைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை. மலையில் வீடு வீடாகப் போய், முந்தானையை உதறிக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்து, நீங்கள் சொல்லித் திரிந்திருக்க வேண்டிய வாரம். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.