கண்ணாடிப் பெட்டியில் ஒரு ரிவால்வர்

லாஸ் ஏஞ்சலஸ்,
6 மார்ச் 1934

வெல்டாவுக்கு,

உன் கன்னம் கிழிந்தது என் தவறால். உன் தவறால் அல்ல. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் குழலுக்குள் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று கம்பி விட்டுப் பார்ப்பது, படப்பிடிப்புக்குத் துப்பாக்கியை வாடகைக்குக் கொடுத்த என் வேலை. பைத்தியக்கார டாக்டர் உன்னைச் சுடும் காட்சியில், முதல் வெடி முடிந்ததுமே டைரக்டர், "வெளிச்சம் போகுதுய்யா, இன்னொரு தடவை!" என்று கத்தினார். நான் கம்பியை எடுக்கவே இல்லை. குண்டில்லாத வெற்றுத் தோட்டாவில் மருந்தை அடைக்கிற அட்டை குழலிலேயே சிக்கியிருந்திருக்கிறது. இரண்டாவது வெடியில் அது உன் முகத்துக்கு வந்தது.

படக் கம்பெனி கேட்டபோது, "நிக்கிறதுக்குத் தரையில போட்ட கோட்டை அந்தப் பொண்ணுதான் தாண்டி முன்னால வந்துச்சு" என்றேன். அதன்பின் உனக்கு யாரும் வேடம் தரவில்லை. தெரிந்தும் ஒரு வருஷம் வாயைத் திறக்கவில்லை. கடை போய்விடுமோ என்ற பயம்.

இன்னும் கேள். அதே ரிவால்வரைப் படத்தோடு ஊர் ஊராக அனுப்பினேன். தியேட்டர் வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குள், 'நிஜ ரத்தம் பார்த்த துப்பாக்கி' என்ற அட்டையோடு. நல்ல வாடகை. போன வாரம் பேக்கர்ஸ்ஃபீல்டில் ஒருவன் அதைப் பார்த்து, "குடிச்சிட்டு வந்து நின்னிருப்பா" என்று சிரித்தான். நான் பக்கத்தில்தான் நின்று, பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் இந்தக் கடிதம்.

என்ன செய்யட்டும், சொல்.

ஹார்லன் புரூட்

11 மார்ச்

மிஸ்டர் புரூட்,

நீங்கள் கம்பெனியிடம் சொன்னதை நானே நம்பிவிட்டேன். சமையலறைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, எங்கே தாண்டினேன் என்று ஒரு வருஷமாக நின்று பார்க்கிறேன். அதற்கு என்ன வாடகை போடுவீர்கள்? அம்மாகூட, "நீ எப்பவுமே அவசரக்காரிடி" என்கிறாள்.

துப்பாக்கி பெட்டியிலேயே இருக்கட்டும். அட்டையை மாற்றுங்கள், உங்கள் கையெழுத்தில், உங்கள் பெயரோடு. அதையே கம்பெனிகளுக்கும் எழுதுங்கள்.

அப்புறம் அந்தக் கம்பி. இனி அதை உங்களிடம் விட்டுவைக்க எனக்குத் தைரியமில்லை. அந்த வேலைக்கு நானே வந்து கம்பியைப் பிடிக்கிறேன். என்ன தருவீர்கள்?

வெல்டா கோசிக்

19 மார்ச்

வெல்டாவுக்கு,

'குழலைப் பார்க்காமல் கொடுத்தவன் நான். அவள் கோட்டில்தான் நின்றாள். ஹார்லன் புரூட்' என்று எழுதி வைத்தேன். தியேட்டர்காரன், "இதைப் பாக்க எவன்யா டிக்கெட் வாங்குவான்?" என்று பெட்டியையே திருப்பி அனுப்பிவிட்டான். இப்போது அது என் கடை ஜன்னலில், தெருவைப் பார்த்து இருக்கிறது. ஏழு கம்பெனிக்கும் எழுதிவிட்டேன். அதில் இரண்டு கம்பெனிக்காரர்கள் இனி என்னிடம் வாடகைக்கு எடுப்பதில்லை என்கிறார்கள். சரிதான்.

உனக்கு நான் தருவது: கம்பி உன் கையில். நீ பார்க்காமல் ஒரு துப்பாக்கியும் சுடப்படாது. நீ 'நிறுத்து' என்றால், எந்த டைரக்டர் கத்தினாலும் நிறுத்தம். வாரம் இருபத்திரண்டு டாலர், வரும் திங்கட்கிழமையிலிருந்து.

ஹார்லன் புரூட்