நான்கு வீடு பார்த்த நாற்காலிகள்

கோத்தா திங்கி,
பிப்ரவரி 9

அன்பு மச்சான் ராஜசேகரனுக்கு,

காளிதாஸ் எழுதுவது. ஆறு அதன் இடத்துக்குப் போய்விட்டது. நாங்களும் எங்கள் இடத்துக்குத் திரும்பிவிட்டோம். உன் அக்கா பிரேமலாவின் முட்டிவலி மட்டும் வெள்ளத்தோடு வந்தது, வெள்ளத்தோடு போகவில்லை. மற்றபடி சுகம். ஜொகூர் பாருவில் நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும்.

கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். இந்த ஆற்றை எனக்குத் தெரியாதா? மூன்றாம் நாளும் மழை விடவில்லை என்றதும் அரிசி, பருப்பு, சீனி எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றிவிட்டேன். தண்ணீர் வடிந்த நான்காம் நாள் கடையைத் திறந்தாயிற்று. இனி எல்லாருக்கும் என்ன தேவைப்படும் என்று யோசித்து, வாளி, துடைப்பம், பிளாஸ்டிக் நாற்காலி என்று ஒரு லோரி புதுச் சரக்கும் இறக்கிவிட்டேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கிற சாப்பாட்டுக் கூடையும் உதவிப் பணமும் எத்தனை மாதம் தொடர வேண்டும் என்று உன்னை அறிக்கை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அத்தான் கடையில் உட்கார்ந்தபடியே ஊரைப் பார்க்கிறவர், அவரைக் கேட்டால் தெரியும் என்று எனக்கு எழுதியிருக்கிறாய். சந்தோஷம்.

என் பதில் மூன்று மாதம். அதற்கு மேல் ஒரு நாள்கூட வேண்டாம். போன வாரம் ஒரு அம்மா கூடையில் வந்த சமையல் எண்ணெயை என்னிடமே கொண்டுவந்து, மிளகாய்த்தூளாக மாற்றித் தரச் சொன்னார். மாற்றிக் கொடுத்தேன், வியாபாரி அல்லவா. ஆனால் வீடு தேடிச் சாமான் வந்துகொண்டே இருந்தால் எவன் எழுந்து வேலைக்குப் போவான்? என்னைப் பார்த்தாயே. 2006 டிசம்பரில் ஒரு வெள்ளம். கழுவிக் காயவைத்து, புதுச் சரக்கு அடுக்கி முடிக்கிறேன், ஜனவரியில் இரண்டாவது வெள்ளம் வந்து அத்தனையும் கொண்டுபோனது. நான் யாரிடமாவது கை நீட்டினேனா? வேண்டுமானால் இதை உன் அறிக்கையில் எழுதிக்கொள்.

ஆற்றோரக் கம்பத்துக் குடியிருப்பில் இருக்கும் பேச்சியம்மாளை உனக்கு ஞாபகம் இருக்கும். காலையில் பாசார் சந்தையில் தோசை சுட்டு விற்பவர், தனியாள். இங்கே வரும்போதெல்லாம் நீ அவரிடம்தான் சாப்பிடுவாய். செவ்வாய்க்கிழமை அவர் வீட்டைப் பார்வையிட ஆபீசர் வருகிறாராம். "உட்காருங்கன்னு சொல்ல ஒரு நாற்காலிகூட இல்ல அண்ணே, மானம் போயிரும்லா" என்று கடை வாசலில் வந்து நின்றார். ஆறு நாற்காலி, பூப்போட்ட கர்ட்டன் ஒன்று, ஒரு செட் கோப்பை கொடுத்தனுப்பினேன். இரண்டு நாள் போய்வரட்டுமே. ஆபீசர் முன்னால் நம் ஆட்கள் குறைவாகத் தெரியக் கூடாது.

அறிக்கையை நல்லபடியாக எழுது. உன் பெயர் பெரிய இடத்தில் பேசப்படட்டும்.

உன் அத்தான்,
காளிதாஸ்


கோத்தா திங்கி,
ஏப்ரல் 20

அன்பு மச்சான்,

இதை ஆபீசில் வைத்துப் படிக்காதே. வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, தனியாகப் படி. போனில் சொல்லியிருப்பேன், ஆனால் நடுவில் யாராவது வந்து கால் கிலோ புளி கேட்டால், அதைச் சாக்காக வைத்துப் பாதியில் நிறுத்திவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. மூன்று மாதம் என்றே எழுதிவிட்டதாகவும், எங்கள் பக்கத்து மக்கள் மற்ற இடங்களைவிடச் சீக்கிரம் எழுந்துவிட்டதாகப் பதிவுகள் காட்டுவதாகவும், முப்பதாம் தேதி அறிக்கை மேலே போகிறது என்றும் சொல்லியிருந்தாய். அதற்குள் இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்க வேண்டும் என்றுதான் எக்ஸ்பிரஸ் தபாலில் அனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை பேச்சியம்மாள் கடைக்கு வந்தார். பையில் இரண்டு தோசைக்கல். நல்ல பழகிய கல், கண்ணாடி மாதிரி இருந்தது. இதைக் கடையில் வைத்து யாருக்காவது விற்றுத் தர முடியுமா என்று கேட்டார். விற்க வந்த பொருளை வாங்குவது என் தொழில். ஆனால் தோசை சுடுகிறவர் கல்லை விற்க வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? ஏன் என்று கேட்டேன். மாதக் கடைசியோடு வீட்டை விட்டுவிட்டு பாசிர் கூடாங்கில் அண்ணன் மகள் வீட்டுக்குப் போகிறாராம். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு ஒரு மூலையில் இருந்துகொள்வாராம். உதவிக் கூடை என்ன ஆயிற்று என்று கேட்டேன். மார்ச் மாதமே பட்டியலில் இருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்களாம். இரண்டு மாதமாக என் கடைக்கு வந்து போகிறார், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏன் எடுத்தார்கள் என்று நானே போய் விசாரித்தேன். படிவத்தில் இருந்தது இதுதான்: வீட்டில் தளவாடம் இருக்கிறது, திரைச்சீலை இருக்கிறது, வந்தவருக்கு மைலோவும் பிஸ்கட்டும் கொடுத்து உபசரித்தார், குடும்பம் மீண்டுவிட்டது. அந்த ஆபீசரைக் குறை சொல்ல மாட்டேன். மரியாதை தெரிந்தவர், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறார். கண்ணால் பார்த்ததை எழுதினார். அவர் பார்த்தது என் கடைச் சரக்கு, மச்சான். ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்திருந்தால் அடியில் நான் ஒட்டிய விலைச்சீட்டைப் பார்த்திருப்பார்.

இதோடு முடியவில்லை. நாற்காலிகளை அவர் உடனே திருப்பித் தரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஆறு நாற்காலியும் அந்த வாரம் நான்கு வீடு பார்த்துவிட்டு வந்திருக்கின்றன. ஆபீசர் ஒரு வீட்டு வாசலில் விடைபெறும்போதே அடுத்த வீட்டுக்குப் பின்பக்கமாகத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அதே கர்ட்டன் மூன்று வீட்டு ஜன்னலில் தொங்கியிருக்கிறது. சிரிப்பு வருகிறது அல்லவா? எனக்கும் வந்தது. அந்த நான்கு வீட்டில் மூன்று இன்று பட்டியலில் இல்லை என்று கேள்விப்பட்டதும் நின்றுவிட்டது. சீக்கிரம் எழுந்துவிட்டார்கள் என்று உன் பதிவு சொல்கிறதே, அது ஊர் எழுந்ததல்ல. என் நாற்காலிகள் நடந்ததுதான்.

பேச்சியம்மாள் வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன். கர்ட்டன் மாட்டியிருந்த இடத்துக்குப் பின்னால் சுவரில் என் நெஞ்சு உயரத்துக்கு மண் கோடு. மெத்தை கறுத்துப் போய், அதன் மேல் பாய் விரித்துப் படுக்கிறார். கிரைண்டர் மோட்டாரில் தண்ணீர் புகுந்து செத்துவிட்டது. மாவு அரைக்காமல் தோசை ஏது, தோசை இல்லாமல் வருமானம் ஏது. நானே ஒரு கிரைண்டர் வாங்கித் தருகிறேன் என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வேணாம் அண்ணே. உங்ககிட்ட வாங்குனா, ஒரு தீப்பெட்டி வாங்க கடைக்கு வந்தாலும் தல குனிஞ்சுதான் நிக்கணும். அரசாங்கம்னா வரிசையில நாப்பது பேரு நிப்பாங்க, நானும் ஒரு ஆளு. யாரு முகத்தையும் பாக்க வேண்டாம்."

வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "அப்ப நம்ம கதையையும் தம்பிக்கு எழுதுங்க. நீங்க எழுதலன்னா நான் எழுதுவேன். கை நீட்டலையாம்! நீட்டினது என் கை. உங்க கை ஸ்டியரிங்கப் புடிச்சிக்கிட்டு இருந்துச்சி" என்றாள்.

எழுதுகிறேன். 2007-இல் இரண்டாவது தண்ணீர் வடிந்தபோது என்னிடம் ஒன்றும் இல்லை. மறுபடி சரக்கு வாங்கினால் அதையும் ஆறு கொண்டுபோகும் என்று பயம்; எட்டு மாதம் கடைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த எட்டு மாதமும் எங்கள் வீட்டில் வெந்த அரிசி என் உழைப்பில் வந்ததல்ல. பள்ளி மண்டபத்தில் உன் அக்கா வரிசையில் நிற்பாள். நான் இரண்டு தெரு தள்ளி லோரியில் உட்கார்ந்திருப்பேன், யாரும் பார்த்துவிடக் கூடாது என்று. அவளிடமும் வாயைத் திறக்காதே என்று சொல்லி வைத்தேன். பிறகு கடை எழுந்தது. நான் தனியாக எழுந்தேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். சொல்லிச் சொல்லி, போன கடிதத்தில் உனக்கும் எழுதிவிட்டேன். மூன்றாம் மாதத்தில் யாராவது எங்கள் பெயரை அடித்திருந்தால் உன் அத்தான் இன்றைக்கு எங்கோ யார் கடையிலோ மூட்டை தூக்கிக்கொண்டிருப்பான்.

நான் ஒரேயடியாக மாறிவிட்டேன் என்று நினைக்காதே. சும்மா கொடுத்துக்கொண்டே இருப்பது எனக்கு இன்றும் பிடிக்காது. ஆனால் மாதக் கணக்கை வைத்து நிறுத்துவது தப்பு என்று இப்போது தெரிகிறது. கடைக்காரனுக்கு வேறு அடையாளம் தெரியும். வெள்ளம் பார்த்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் சின்னப் பாக்கெட்டாக வாங்குகிறார்கள். ஒரு கிலோ அரிசி, கால் கிலோ பருப்பு, ஓடும்போது ஒரு கையில் தூக்கக்கூடிய அளவு. கையில் காசு இருக்கிறவர்களும் அப்படித்தான். நானும் அந்த எட்டு மாதம் அப்படித்தான் இருந்தேன். பத்துக் கிலோ மூட்டை கேட்டு ஒருவர் வந்தால், அடுத்த மாதமும் தன் வீடு ஈரமில்லாமல் இருக்கும் என்று அவர் நம்புகிறார் என்று அர்த்தம். அந்த வீட்டுக்கு உதவியை நிறுத்தலாம். அதுவரை சாப்பாட்டுக் கூடையைக் கொஞ்சம் குறைத்தாலும் பரவாயில்லை. கிரைண்டர், தையல் மெஷின், மோட்டார் என்று தொழில் சாமானைக் கொடுங்கள். ஆளை அனுப்பும்போது முன்கூட்டிச் சொல்லி அனுப்பாதீர்கள். சொன்னால் நாங்கள் நாற்காலி தேடுவோம்.

பேச்சியம்மாளுக்குத் தனிச் சலுகை கேட்கவில்லை. அவர் பெயரை நீ தொடவும் வேண்டாம். மூன்று மாதம் என்று எழுதியதற்கு ஆதாரம் நான்தானே. அந்த ஆதாரம் பொய். முப்பதாம் தேதிக்கு முன்னால் அதை மட்டும் எடுத்துவிடு. தோசைக்கற்களை நான் விற்கவில்லை, கடைக்குள் பத்திரமாக இருக்கின்றன.

கோபம் இருந்தால் என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அத்தான்,
காளிதாஸ்


கோத்தா திங்கி,
ஜூலை 27

அன்பு மச்சான் ராஜசேகரனுக்கு,

மூன்று மாதமாக உன்னிடமிருந்து எழுத்தும் இல்லை, போனும் இல்லை. வேலை அதிகம் என்று உன் அக்காவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவள் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. பரவாயில்லை. செய்தி சொல்ல எழுதுகிறேன்.

மே மாதம் நடுவில் ஆபீசர்கள் திடீரென்று வந்தார்கள். யாருக்கும் முன்னறிவிப்பு இல்லை. கல் விற்கட்டும் என்று பாசிர் கூடாங் போவதைத் தள்ளிப்போட்டிருந்த பேச்சியம்மாள், கைலியைக் கட்டிக்கொண்டு, தலைக்கு எண்ணெய் தேய்த்து உட்கார்ந்திருந்தாராம். அன்று சாயங்காலம் கடைக்கு வந்து, நான்தான் அவர்களை அனுப்பினேன் என்பது போல என்னைப் பிடித்தார். "என்ன அண்ணே நீங்க, ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தக் கர்ட்டனையாவது மாட்டியிருப்பேன்ல!" என்றார். எடுக்கப்பட்டிருந்த அந்த மூன்று வீட்டுக்காரர்களின் பெயரும் பட்டியலில் திரும்ப வந்தது. உதவி ஒன்பது மாதம் வரை, அதுவும் வீட்டைப் பார்த்து முடிவு என்று பாலாய் ராயா பொது மண்டபத்தில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். இதில் உன் கை இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்ல வேண்டாம்.

ஜூன் மாதம் அவருக்குக் கிரைண்டர் வந்தது. அவரோடு பதினோரு பேர் வரிசையில் நின்று தொழில் சாமான் வாங்கினார்கள். அன்றைக்கே வந்து கற்களை வாங்கிக்கொண்டு போனார். துருப்பிடிக்காமல் இருக்க நான் எண்ணெய் தடவி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, நல்லெண்ணெய் தடவியிருக்க வேண்டும், இந்த எண்ணெய் சரியில்லை என்று குறை வேறு சொன்னார். அது மிளகாய்த்தூளுக்கு மாற்றிய அந்தக் கூடை எண்ணெய் என்று நான் சொல்லவில்லை. இப்போது பாசாரில் காலை ஏழு மணிக்கே அவரிடம் கூட்டம் நிற்கிறது. கூடை இன்னும் வாங்குகிறார்; வாங்கட்டும்.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டுகிறேன். கடைக்கு வந்தார். வழக்கம் போல ஒரு கிலோ பாக்கெட்டை நான் எடுக்கப் போனேன். அது வேண்டாம் என்று கையைக் காட்டினார். இட்லி அரிசி பத்துக் கிலோ மூட்டை இரண்டு, உளுந்து ஐந்து கிலோ. லோரியில் நானே கொண்டுபோய் இறக்கினேன். எங்கே வைக்க என்று கேட்டேன். தரையைக் காட்டினார். தரையில்தான், மச்சான். கீழே இரண்டு செங்கல்கூட வைக்கவில்லை. மூட்டைகளைச் சுவரோரமாக நேராக அடுக்கிவிட்டு வந்தேன். உன் அக்காவிடம் சொன்னபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்றாள். அன்று வீட்டில் வெங்காயம் நறுக்கவே இல்லை.

நான்கு நாற்காலிகளைப் பேச்சியம்மாள் வாங்கிக்கொண்டார், வாடிக்கையாளர் உட்கார வேண்டுமாம். விலையில் இரண்டு வெள்ளி குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் பேரம் பேசினார். குறைத்தேன். மிச்சம் இரண்டு நாற்காலி இருக்கிறது. அவற்றின் அடியில் இருந்த விலைச்சீட்டை இன்று காலையில் சுரண்டி எடுத்துவிட்டேன். இனி அவை விற்பனைக்கு இல்லை. ஒன்று எனக்கு. தீபாவளிக்கு நீ வந்து மற்றதில் உட்கார வேண்டும். வராவிட்டாலும் அதை வேறு யாருக்கும் போட மாட்டேன்.

நீயும் குழந்தைகளும் நன்றாக இருக்க வேண்டும். உங்கள் வாசலுக்குத் தண்ணீர் ஒருநாளும் வரக் கூடாது. அப்படி வந்தாலும், நிற்பதற்கு ஒரு வரிசையும், கூட நிற்க நாலு பேரும் இருக்க வேண்டும்.

இன்னும் உன் அத்தான்தான்,
காளிதாஸ்