உங்க டிக்கெட்டை ரத்து பண்ணல

என்னங்க,

எழுப்ப மனசு வரல. சாப்பாடு ஃபிரிட்ஜ்ல இருக்கு, சூடு பண்ணிக்கோங்க. குழாய் ரிப்பேர்காரர் காலைல வருவார். அவரையாவது காக்க வைக்காதீங்க.

புது இடம் மாத்தி மாத்திப் படுத்தா உங்களுக்குத் தூக்கம் வராதுன்னுதான், ஒரே ரூம்ல தங்கி, தினம் ஒரு ஊருக்கு ரயில்ல போயிட்டுத் திரும்புற மாதிரி நம்ம டூருக்குத் திட்டம் போட்டேன். நேத்து சாவகாசமா, "மருந்துக்கடையை விட்டுட்டு எப்படி வர்றது?"ங்கறீங்க. நான் மட்டும் போயிட்டு ஞாயித்துக்கிழமை வந்துடுவேன்.

ஊருக்கே மாத்திரை குடுக்கிறீங்க, உங்க மாத்திரையை மறந்துடாதீங்க.

சாவி உங்க ஷூவுக்குள்ள. வேற எங்க வெச்சாலும் கண்ணுல படாது.

பி.கு.: உங்க டிக்கெட்டை ரத்து பண்ணல. பக்கத்துல யாராவது உட்கார்ந்தா பேச்சுக் கொடுக்கணும். காலியா இருந்தா வீட்ல இருக்கிற மாதிரியே இருக்கும்.