காஹாங் கூட்டும் குளுவாங் வங்கியும்

செவ்வாய், ஜூலை 8

காலை எட்டுக்கே வெயில் கொளுத்துகிறது. குளுவாங்கிலிருந்து காஹாங் வரை செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னாலேயே ஊர்வலம். காரில் குளிர்சாதனம் செத்து இரண்டு வாரம். பார்க்க வேண்டியவை: கார், வாசிக்கும் கண்ணாடி, பாலன் சாருக்கு மாத அறிக்கை. (பாலன் சாருக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. ஜொகூர் பாருவில் குளிர் அறையில் உட்கார்ந்துகொண்டு பயிற்றுநர்கள் எங்கள் ஐவரையும் கைப்பேசியிலேயே மேய்க்கிறார்.)

வகுப்புக்கு இருபது பேர் வர வேண்டும். வந்தது நான்கு. அதில் ஒருவர் மண்டபத்துச் சாவி வைத்திருப்பவர். பாடம்: கைப்பேசியில் பாதுகாப்பாகப் பணம் அனுப்புவது. இந்த ஊரிலேயே ஒன்பதாவது முறை. இங்கிருந்த வங்கிக் கிளையை மூடி ஒன்றரை வருடம். பதிலுக்குக் கிடைத்தவை ஒரு செயலி, ஒரு பெரிய விளம்பரத் தட்டி, நான்.

பாதியில் லெட்சுமி அக்கா வந்தார். நாற்றுப் பண்ணையில் வேலை. ஊரில் முதன்முதலில் செயலியை இறக்கிக்கொண்டவர். என் அறிக்கைகளில் ‘வெற்றிக் கதை’ என்றால் எப்போதும் இவர்தான். கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. மோசடிப் பணத்தைக் கைமாற்றி விடும் கணக்கு என்று சந்தேகமாம். மலாயில் இதற்குக் கழுதைக் கணக்கு என்றே பெயர். வேறு வழியில்லாமல் விளக்கினேன்.

“என்னைக் கழுதைங்கிறாங்களா, டீச்சர்?”

சாவிக்காரர் சிரித்துவிட்டார். லெ. அக்கா பார்த்த பார்வையில் மனிதர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

காரணம் எனக்கு உடனே புரிந்தது. புரிந்ததை வாயால் சொல்ல இரண்டு நிமிடம் ஆனது. அக்கா கூட்டு நடத்துகிறார், அதாவது சீட்டு. அக்காவையும் சேர்த்துப் பத்துப் பெண்கள், மாதம் ஆளுக்கு முந்நூறு மலேசிய வெள்ளி, மாதத்துக்கு ஒருவர் மூவாயிரத்தையும் மொத்தமாக எடுத்துக்கொள்வார். போன வருடம் வரை பிஸ்கட் டின்னில் ரொக்கமாகச் சேர்த்தார்கள். கைப்பேசிக்கு மாற்றியது யார்? நான். சம்பளம் போட்ட மாலையே ஒன்பது பேரிடமிருந்து ஒரே தொகை வருகிறது, வந்த சூட்டோடு மொத்தமாக வெளியே போகிறது. மோசடிக்காரர்களைப் பிடிக்கும் எந்திரம் தேடுவதே இதைத்தான்.

நேற்று மாலை பணம் உள்ளே வந்துவிட்டது. அனுப்புவதற்குள் முடக்கிவிட்டார்கள். அக்காவின் சம்பளமும் அதற்குள்தான்.

திரும்பும் வழியில் மீன் வாங்க மறந்தேன்.

புதன், ஜூலை 9

மழையும் இல்லை, வெயிலும் இல்லை, புழுக்கம் மட்டும். வங்கி உதவி எண்ணில் நாற்பது நிமிடம் இசை. பிறகு ஒரு பையன், கிளைக்கு நேரில் வாருங்கள் என்றான். எந்தக் கிளைக்கு, மூடினீர்களே அதற்கா என்று கேட்டேன். அவனுக்குக் காஹாங் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அவனைத் திட்டி என்ன பயன்.

மதியம் மகேஸ்வரி கூப்பிட்டாள். இந்த மாதக் கூட்டு அவளுக்கு. ஏழு வருடமாகச் சமையலறை மூலையில் உட்கார்ந்து பள்ளிச் சீருடை தைக்கிறவள். கடைத்தெருவில் ஒரு தவுக்கே, சீனக் கடை முதலாளி, தன் கடையின் முன்பாதியை வாடகைக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். முன்பணம் மூவாயிரம், வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள். தவறினால் சனிக்கிழமை அது கைப்பேசி பழுது பார்ப்பவனுக்கு. மகே. அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. மிஷினை எந்தப் பக்கம் போட்டால் வெளிச்சம் வரும் என்று தவுக்கேயின் கடையில் அளந்து பார்த்துவிட்டு வந்தாளாம், அதைச் சொன்னாள்.

பாலன் சாரிடம் பேசினேன். முதலில் ‘ஐயோ’ என்றார். கூட்டு நடத்துவது சட்டப்படி குற்றம், நம் திட்டத்தின் பெயர் இதில் வரவே கூடாது என்றார். அடுத்த மூச்சிலேயே, நம் கடிதத் தாளில் நீயே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிடு, தையல் கூலி வசூல் என்று போடு என்றார். பெயர் வரக் கூடாது, ஆனால் கடிதத் தாள் வரலாம். பெரிய மூளை.

எழுதினேன். ‘மேற்படி தொகை சீருடை தைப்பதற்காக வாடிக்கையாளர்கள் செலுத்திய முன்பணம்.’ கையெழுத்தும் போட்டேன். கூட்டு என்று சொன்னால் நடத்துகிற அக்காவின் தலையில்தான் விடியும், அதனால்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். என் ஒப்பந்தம் டிசம்பரில் புதுப்பிக்க வேண்டியிருப்பதும் ஞாபகத்தில் இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன், யார் படிக்கப் போகிறார்கள்.

வியாழன், ஜூலை 10

குளுவாங் கிளை. அக்காவுக்கு லீவு இல்லை, அவர் கையெழுத்திட்ட அனுமதித் தாளோடு நான் மட்டும். எண் சீட்டு வாங்கி இரண்டு மணி நேரம். பக்கத்து நாற்காலியில் ஒரு சீனத் தாத்தா தன் கைப்பேசியை என்னிடம் கொடுத்து எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார். செய்தேன். சம்பளமில்லாத வகுப்பு.

அதிகாரி ஃபாரா, முப்பது வயதுகூட இருக்காது, மரியாதையான பெண். கடிதத்தைக் கொடுத்தேன். படித்தாள். கணினியிலிருந்து ஒரு தாளை அச்செடுத்து என் பக்கம் திருப்பி வைத்தாள்.

ஒன்பது வரிகள். ஒவ்வொரு பணத்துக்கும் பக்கத்தில் அனுப்பியவர் எழுதிய விவரம்:

kutu bulan 7
kutu mages
KUTU
kutu letchumi akka punya
kutu mages kedai jahit

ஏழாம் மாதக் கூட்டு, லெட்சுமி அக்கா கூட்டு, மகேஸ் தையல் கடைக் கூட்டு என்று இப்படியே கடைசி வரை. ‘விவரம்’ கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், எதற்குப் பணம் என்று உண்மையை எழுதுங்கள், பிறகு பிரச்சினை வந்தால் அதுதான் உங்களைக் காப்பாற்றும் என்று ஒன்பது வகுப்பிலும் தொண்டை கிழியக் கத்தியவள் நான். இருபது பேரில் நான்கு பேர்தான் வருகிறார்கள், ஒருவரும் காதில் வாங்குவதில்லை என்று மாதாமாதம் புலம்புகிறவளும் நான். வாங்கியிருக்கிறார்கள். வந்த நான்கு பேர் வராதவர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கட்டம்கூடக் காலி இல்லை.

ஃபாரா என் கடிதத்தை இரண்டாக மடித்து என்னிடமே திருப்பித் தந்தாள். இந்தக் கடிதம் தன் கண்ணில் படவேயில்லை என்று மெதுவாக மலாயில் சொன்னாள். கூட்டு சரியா தவறா என்பது தன் மேசைக்கு வரும் கேள்வி இல்லையாம், மேலே கேட்டால் தன்னால் தடுக்கவும் முடியாதாம். தனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: யாராவது ஏமாற்றப்பட்டுப் பணம் அனுப்பினார்களா. பணம் அனுப்பிய ஒன்பது பேரும் அடையாள அட்டையோடு நேரில் வந்து, தெரிந்தே அனுப்பினோம் என்று சொன்னால் எழுதி மேலே அனுப்புவாள். முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். நாளைக்குள் வழியே இல்லை.

ஒன்பது பேர். எல்லாருக்கும் நாள்கூலி. தோட்டத்திலிருந்து குளுவாங்குக்கு. வீட்டு வாசலில் கிளை இருந்தபோது இந்த வேலை பத்து நிமிடம்.

இரவுச் சாப்பாடு: ரொட்டி. சமைக்க மனசில்லை.

வெள்ளி, ஜூலை 11

காலை ஆறரைக்கு லெ. அக்கா கூப்பிட்டார், காரைக் கொண்டு வரச் சொல்லி. எங்கே என்று கேட்டதற்குக் குளுவாங் அடகுக் கடை என்றார்.

கூட்டில் அதுதான் வழக்கம். யார் கட்டத் தவறினாலும் எடுக்க வேண்டியவருக்கு நாள் தவறக் கூடாது, நடத்துகிறவர் ஈடுகட்ட வேண்டும். ஆனால் இங்கே யாருமே தவறவில்லையே அக்கா, பணம் பத்திரமாக உங்கள் கணக்கில்தானே இருக்கிறது, மகே.வுக்குத் தெரியாதா என்றேன். இந்தக் கணக்கெல்லாம் அவளிடம் சொல்ல முடியாது, அவளுக்குத் தேதி என்றால் தேதி என்றார்.

நான்கு வளையல். சங்கிலியைக் கழற்றப் போனார், கடைக்காரர் வேண்டாம், இதுவே போதும் என்றார். அடையாள அட்டை, ஒரு கையெழுத்து, பத்து நிமிடம். ஒன்றரை வருடமாக அடகுக் கடைப் பக்கம் போகாதீர்கள் என்று படம் போட்டுக் காட்டியவள் வாசலில் கார் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தேன். வட்டியை நான் கட்டுகிறேன் என்று திரும்பும் வழியில் சொன்னேன். அக்கா அடகுச் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு சொன்னார்:

“வட்டிய நான் பாத்துக்குவேன் லா. நீங்க உண்மைய எழுதச் சொன்னீங்க, நாங்க எழுதினோம். பொய் எழுதுனது நீங்கதான் டீச்சர். ஃபாரா பொண்ணுகிட்ட நாங்க திருடிங்க மாதிரி ஆயிட்டோம்.”

கடிதம் பற்றி நேற்று நான்தான் சொல்லியிருந்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். இல்லை, சொன்னதுதான் சரி. அவமானமாக இருந்தது, இன்னும் இருக்கிறது.

மூன்றே கால் மணிக்கு மகே. தவுக்கேயிடம் பணத்தைக் கொடுத்தாள். ரசீது வாங்கிக்கொண்டாள். அக்காவின் கையைப் பார்த்தாள், முந்தானையை இழுத்து அவர் மூடிக்கொண்டார்.

ஞாயிறு, ஜூலை 13

துணி துவைத்தேன், மழை வந்தது, மறுபடி துவைத்தேன்.

பாலன் சாரிடமிருந்து குரல் செய்தி. கோலாலம்பூரிலிருந்து அடுத்த வாரம் பெரியவர்கள் வருகிறார்களாம். கிராமப்புற நிதிச் சீர்திருத்தத்தில் காஹாங் முன்மாதிரி. எங்கள் ஐந்து ஊர்களில் கைப்பேசிப் பணமாற்றம் அதிகம் வளர்ந்தது இங்கேதானாம். வளராமல் என்ன செய்யும், மாதாமாதம் கூட்டுப் பணம் உள்ளே வந்து வெளியே போகிறதே. லெட்சுமி கைப்பேசியோடு சிரிக்கிற மாதிரி இரண்டு நிமிடக் காணொளி வேண்டுமாம்.

கூப்பிட்டேன். அந்தக் கைப்பேசிக் கணக்குதான் முடங்கிக் கிடக்கிறது, வளையல் அடகில் இருக்கிறது என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

“வளையல்தானே, யார்கிட்டயாவது இரவல் வாங்கிப் போட்டுக்கச் சொல்லுங்க.”

இந்த மனிதரை என்ன செய்வது. பத்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்தேன். துணி மறுபடி நனைந்தது.

மாலை லெ. அக்கா கூப்பிட்டார். ஒன்பது பேரிடமும் பேசிவிட்டாராம். நாளைக்கு எல்லாரும் லீவு. சம்பளம் வெட்டு, பரவாயில்லை. வேன் பேசியாகிவிட்டது. நானும் வர வேண்டும், இது கூட்டுப் பணம், கடிதம் பொய் என்று என் வாயால் சொல்ல வேண்டும் என்றார். சொன்னால் உங்களுக்கும் சிக்கல் வரலாம் அக்கா என்றேன். கழுதை என்று பேர் வாங்கியதைவிடவா என்றார்.

திங்கள், ஜூலை 14

குளுவாங் கிளை, காலை 9.10. காத்திருந்தபடி எழுதுகிறேன்.

ஒன்பதரைக்கு வகுப்பு என்றால் பதினொன்றுக்கு வருகிறவர்கள், இன்று கதவு திறக்கும் முன்பே வாசலில் நின்றார்கள். பத்துப் பேரும். மகே. கடையைக் கூட்டிச் சுத்தம் செய்வதை நிறுத்திவிட்டு வந்திருக்கிறாள், தலையில் இன்னும் ஒட்டடை. யாரோ நெத்திலி சம்பலோடு நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்கள் கொண்டு வந்திருக்கிறார்கள், வங்கி முழுக்க வாசனை. காவலாளிக்கும் ஒன்று.

ஃபாரா மேசையிலிருந்து எட்டிப் பார்த்தாள். எங்களை எண்ணினாள் போல.

பாலன் சார் அழைக்கிறார். எடுக்கவில்லை. செய்தி: ‘காணொளி என்ன ஆச்சு?’ பதில் அனுப்பினேன்: ‘நான் வங்கியில் இருக்கிறேன். இது கூட்டுப் பணம், கடிதத்தில் எழுதியது பொய், எழுதியவள் நான் என்று சொல்லப் போகிறேன்.’ இரண்டு நீலக் குறிகள், படித்துவிட்டார். மறுபடி அழைக்கிறார். கைப்பேசியை அணைத்துவிட்டேன். டிசம்பர் டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம்.

லெ. அக்கா முழங்கையால் இடிக்கிறார். முதலில் தான் பேசட்டுமா, நானா என்று கேட்கிறார்.

நான்தான் என்றேன். எங்கள் எண் வந்துவிட்டது.