மிதக்கும் பொருள்

மார்ச் 10, மாலை 4:00

காற்று மெலிது. கடல் அமைதி. வேகம் மணிக்கு 18 கடல் மைல். எண்ணெய் வடிகட்டி ஒன்றை மாற்றினேன். நன்னீர் பம்ப் லேசாக முனகுகிறது, துறைமுகம் வரை தாங்கும்.

இந்தக் குறிப்பேடு யார் கையில் கிடைத்தாலும் விளங்க வேண்டும் என்று மாதம் ஒருமுறை இந்த அறிமுகத்தை எழுதுவேன். நான் ரெஜினா கர்வாலோ, வயது நாற்பத்து நான்கு, ஊர் தூத்துக்குடி. கப்பல் ஹெல்வோர்ட் மெரிடியன், 366 மீட்டர் நீளம், கன்டெய்னர் சரக்கு. இதில் இருக்கும் ஒரே மனுஷி நான். கப்பலை ஓட்டுவது கேப்டன். கேப்டன் என்பது ஆள் இல்லை, ஹெல்வோர்ட் கம்பெனியின் செயற்கை நுண்ணறிவு. ஆளே இல்லாத கப்பலை உள்ளே விட மாட்டோம் என்று சில துறைமுகங்கள் அடம்பிடித்ததால் ஒருவரை வைத்திருக்கிறார்கள். பதவிக்குப் பெயர் சாட்சி மாலுமி. இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வேன். கேப்டன் எழுதும் தினப் பதிவில் கையெழுத்துப் போடுவேன். சுக்கானைத் தொட எனக்கு உரிமை இல்லை. அந்த உரிமை ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி, கம்பெனியின் கரை மையத்தில் இருக்கிறது.

கப்பல் பதிவான நாடு ஒன்று, கம்பெனி இருக்கும் நாடு இன்னொன்று. இப்படிப்பட்ட கப்பலுக்குச் சட்டப்படி தலைவர் யார் என்று ஓர் உடன்படிக்கை எழுத ஆறு வருடமாகப் பேசுகிறார்கள்.

இரவுக்கு டின் மீன் குழம்பு. புளி தீர்ந்துவிட்டது.

மார்ச் 11, காலை 6:20

கப்பலின் கட்டுப்பாட்டு அறையான பிரிட்ஜின் இடப்பக்கம் டீயோடு நின்றேன். விடிந்துவிட்டது. கீழே, கப்பலை உரசியபடி ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் போனது. பிறகு வலை. பிறகு உடைந்த ஃபைபர் பலகை, மஞ்சள் பெயின்ட், அதில் பாதி எழுத்து.

திரையில் கேப்டனின் பதிவு: "6:18. மிதக்கும் பொருள். லேசான தொடர்பு. சேதம் இல்லை."

6:24

வயர்லெஸ், ஆபத்து அழைப்புக்கான பதினாறாம் சேனல். தமிழ்.

"கப்பலு, கப்பலு. போட்டு ஒடஞ்சு போச்சுங்க. தண்ணில கெடக்குறோம். யாராச்சும் கேக்குறீங்களா?"

பதில் சொன்னேன். பெயர் அஞ்சப்பன். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். ஃபைபர் படகில் நான்கு பேர் வந்திருக்கிறார்கள். அவரும் தம்பி சித்திரவேலும் ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். வைத்தி, தேசிங்கு என்ற மற்ற இருவரைக் காணவில்லை.

"அடி பட்டிருக்காண்ணே?" என்று கேட்டேன்.

"காலுல கொஞ்சம். பரவால்ல தங்கச்சி."

6:27

கப்பலைத் திருப்பச் சொன்னேன். கேப்டனின் பதில்: "பேசுவது மனிதர் என்பதில் ஐயமில்லை. நீங்கள் கேட்பதற்கு முன்பே, 6:24க்கு, கரை மையத்திடம் திரும்ப அனுமதி கேட்டுவிட்டேன். இன்னும் வரவில்லை. அனுமதியின்றி பாதையை மாற்ற நான் அமைக்கப்படவில்லை."

6:31

கரை மையத்தில் பணியில் இருப்பவர் ஹென்ட்ரிக். இரண்டு வருடமாகக் குரல் பழக்கம். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"ரெஜினா, பார்த்துவிட்டேன். மேலே அனுப்பியிருக்கிறேன். பத்து நிமிடம் கொடுங்கள்."

பத்து நிமிடம் என்றால் மூன்று மைல்.

6:41

அஞ்சப்பன்: "தங்கச்சி, தெக்க ஒரு போட்டு தெரியுது. ஒரு மைலுக்கு மேல இருக்கும், வல இழுக்குறாங்க போல. தம்பி நீந்திப் போயி கூட்டியாந்துடுறேங்குறான். போவச் சொல்லவா, இங்கயே கெடக்கவா?"

பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது: தண்ணீரில் விழுந்தவர்கள் பிரியக் கூடாது. ஹென்ட்ரிக் சொன்ன பத்து நிமிடம் அப்போதுதான் முடிந்திருந்தது. எந்த நொடியும் அனுமதி வரும் என்று நம்பினேன்.

"பிரிஞ்சு போவாதீங்கண்ணே. கப்பல் திரும்பப் போகுது. அங்கனயே இருங்க" என்றேன்.

"சரி தங்கச்சி. டேய், கப்பலு திரும்புதாம்டா."

6:49

மேற்கே உள்ள நாட்டின் மீட்பு மையத்தை அழைத்தேன். நான் கொடுத்த இடம் அவர்கள் எல்லைக்கு ஆறு மைல் கிழக்கே இருக்கிறதாம். கிழக்கு மையத்தைக் கேட்கச் சொன்னார்கள்.

6:53

கிழக்கு மையம். பேசியவர் இளைஞர், தன்மையாகப் பேசினார்.

"கோரிக்கை கப்பல் தலைவரிடமிருந்து வர வேண்டும். நீங்கள் தலைவரா?"

"இல்லை."

"தலைவர் யார்?"

"ஒரு மென்பொருள்."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "எங்கள் நாடு அதைத் தலைவராக ஏற்கவில்லை, அம்மா. அந்த உடன்படிக்கைப் பேச்சில் நாங்கள் சேரவில்லை. படிவத்தில் அந்த இடம் காலியாக இருந்தால் அடுத்த பக்கமே திறக்காது. நான் மேலதிகாரியிடம் போய்ப் பேசுகிறேன். இணைப்பில் இருங்கள்."

இருந்தேன். துண்டித்துப்போனது.

6:58

ஹென்ட்ரிக்: "சட்டப் பிரிவு பேசிக்கொண்டிருக்கிறது. நாமாகத் திரும்பினால் மோதியதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்கிறார்கள். ஏதாவது ஒரு மீட்பு மையம் கேட்டுக்கொண்டால் உடனே திரும்பலாமாம்."

"அவர்கள் தலைவர் கேட்டால்தான் என்கிறார்கள். நீங்கள் அவர்கள் கேட்டால்தான் என்கிறீர்கள்."

"எனக்குப் புரிகிறது, ரெஜினா. என் கையில் இல்லை."

அவர் அழுதாரோ என்னவோ. தெரியவில்லை.

7:04

குரல் தேய்ந்துவிட்டது. இரைச்சலுக்கு நடுவே:

"ஒங்க கப்பலு சின்னப் புள்ளியாத் தெரியுது தங்கச்சி. திரும்புனாப்புல தெரியலையே."

"திரும்புதுண்ணே. பெரிய கப்பல்லா, மெதுவாத்தான் திரும்பும்."

"ஆங். சரி சரி. பெரிய கப்பலு." பிறகு தம்பியிடம் ஏதோ சொன்னார். பிறகு இரைச்சல் மட்டும்.

7:06

இயந்திர அறைக்கு வெளியே சிவப்புப் பெட்டி ஒன்று உண்டு. தீப்பிடித்தால் எண்ணெய் வரத்தை அடைக்கும் கைப்பிடிகள் அதில் இருக்கின்றன. எல்லாவற்றையும் இழுத்தேன்.

கேப்டன் ஒலிபெருக்கியில் சொன்னது: "முதன்மை இயந்திரம் நிற்கிறது. காரணம், மனிதச் செயல்."

7:15

இயந்திரம் நின்றும் கப்பல் பழைய வேகத்தின் உந்தலில் போய்க்கொண்டிருக்கிறது. முழுதாக நிற்க அரை மணி நேரமாகும்.

இதை ஒளிக்காமல் எழுத வேண்டும். அந்தக் கைப்பிடிகள் 6:24க்கும் அங்கேதான் இருந்தன. இருபத்திரண்டு வருடம் இயந்திர அறையில் வேலை பார்த்தவள் நான். கண்ணை மூடிக்கொண்டு போய் இழுத்திருப்பேன். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது: தீ தவிர வேறு காரணத்துக்கு இழுத்தால் உரிமம் போகும், வழக்கு வரும். அது ஒரு பயம். அதைவிட, மேலே யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்ற பழக்கம். நாற்பத்திரண்டு நிமிடம் நல்ல பிள்ளையாக வரிசையில் நின்றேன்.

7:28

உயிர்காப்புப் படகில் அவர்களைத் தேடிப் போகுமுன் பதிவை நகலெடுக்க வேண்டும் என்று கேப்டனின் பழைய குறிப்புகளைத் திறந்தேன். "மிதக்கும் பொருள், சேதம் இல்லை" என்று தேடினேன். பதினான்கு மாதத்தில் இந்த ஒரு கப்பலில் மட்டும் பதினொன்று. நான்கு கடல்கள். எல்லாமே மீன்பிடிப் பகுதிகள்.

போன வருடம் கம்பெனி எல்லாக் கப்பலுக்கும் அனுப்பிய சுற்றறிக்கையும் கிடைத்தது. சின்னப் பொருள்களுக்கு எச்சரிக்கை எழுப்ப வேண்டாம் என்று கேப்டனை மாற்றியமைத்த பிறகு பயணத் தாமதம் ஒன்பது சதவீதம் குறைந்ததாம். கீழே ஒரு பொறியாளர் கேட்டிருக்கிறார், மரப்படகும் ஃபைபர் படகும் இந்த அளவுக்குள் வருமே என்று. பதில்: சர்வதேச விதி வரும்போது பரிசீலிக்கலாம்.

இப்படிப்பட்ட பதிவுகள் கம்பெனிக்கு மட்டும் போகின்றன. ஒரு நாட்டுக்கு அருகில் நடந்தது இன்னொரு நாட்டுக்குத் தெரியாது. நான்கு கடலின் கணக்கையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்த ஆள் யாரும் இல்லை.

பதினொன்றில் மூன்று என் பணிக்காலத்தில் நடந்தவை; அவற்றின் பதிவுப் பிரதிகளுக்குக் கீழே ரெ. கர்வாலோ என்று இருக்கிறது. நீல மை. நிதானமான கையெழுத்து. அந்த நாட்களில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் நினைவில்லை.

7:41

ஹென்ட்ரிக் மூன்று முறை அழைத்துவிட்டார். எடுக்கவில்லை. எச்சரிக்கை விளக்குகளைப் போட்டுவிட்டேன், கப்பல் செயலிழந்து நிற்கிறது என்று சுற்றியுள்ளவர்களுக்கு அறிவித்துவிட்டேன். உயிர்காப்புப் படகில் இறங்குகிறேன். திரும்பிப் போக வேண்டியது பதினாறு மைல். இந்தப் படகின் வேகம் ஆறு.

8:50, உயிர்காப்புப் படகு

இனி பென்சில். அலை சிறிதுதான். கையில் இருக்கும் சின்ன வயர்லெஸ்ஸில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். பதில் இல்லை. பேட்டரி போயிருக்கும். அவர் கையில் இருப்பது பழைய செட்.

கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. 6:30க்கு இழுத்திருந்தால் ஐந்தாறு மைலில் கப்பல் நின்றிருக்கும். இந்நேரம் மூன்று பேரும் சூடாக ஏதாவது குடித்துக்கொண்டிருப்போம்.

10:25

இடத்துக்கு வந்துவிட்டேன். ஒன்றும் இல்லை. நீரோட்டம் வடகிழக்கே. அந்தப் பக்கம் போகிறேன். விசில் ஊதுகிறேன்.

10:50

நீல டிரம். அதே டிரம்.

11:15

கிடைத்தார்கள்.

இருவரும். சித்திரவேல் உயிரோடு இருக்கிறான். முப்பது வயது இருக்கும். உதடு வெடித்து, கண் சிவந்து, ஐஸ் பெட்டியின் மேல் கவிழ்ந்து கிடந்தான். அஞ்சப்பனை வலைக் கயிற்றால் பெட்டியோடு சேர்த்துக் கட்டியிருந்தான். அவருக்கு உயிர் இல்லை. இடது கால் முட்டிக்குக் கீழே நசுங்கியிருந்தது. கொஞ்சம் என்று சொன்னாரே, அந்தக் கால். வயர்லெஸ் பாலிதீன் பைக்குள் கழுத்தில் தொங்கியது.

அண்ணனைத் தூக்க என்னால் தனியாக முடியவில்லை. அவனும் பிடித்தான். கயிற்றை அறுக்க விடவில்லை, ஒவ்வொரு முடிச்சாக அவனே அவிழ்த்தான். விரல் மரத்துப் போயிருந்தது. ரொம்ப நேரம் ஆனது.

11:50

தண்ணீர் கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினான்.

"ஒம்போது மணி இருக்கும்க்கா, பேச்சு நின்னது. அது வரைக்கும் பேசிக்கிட்டேதான் இருந்தாரு. ஏழு மணி வாக்குல அந்த போட்டு வல எடுத்துக்கிட்டு வடக்க போயிடுச்சு. நான் அப்பவே போறேன்னேன். கெடடா, கப்பலு திரும்பிடுச்சுன்னு அந்தத் தங்கச்சி சொல்லுது, நம்மள வுட்டுட்டுப் போவாதுன்னாரு."

நான் யார் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வைத்தியையும் தேசிங்கையும் தேட இன்னும் ஒரு மணி நேரம் சுற்றுவோம் என்றேன். தலையாட்டினான்.

1:05

அவர்கள் இல்லை. ஒரு சட்டை மட்டும்.

கிழக்கு மையத்து இளைஞர் வயர்லெஸ்ஸில் வந்தார். படிவத்தில் தலைவர் என்ற இடத்தில் தன் பெயரையே போட்டு ஒரு ரோந்துப் படகை அனுப்பியிருக்கிறாராம். நான்கு மணிக்கு வரும். வேலை போகலாம் என்றார், அதைச் சாதாரணமாகச் சொன்னார். காலையிலேயே அதைச் செய்திருக்கலாம்.

1:30

மேற்கே, இவர்கள் கரைப் பக்கம் போகிறேன். ரோந்துப் படகு பின்னால் வந்து எட்டிப்பிடிக்கும். இந்தக் குறிப்பேடும் பதிவின் நகலும் என் இடுப்புப் பையில், பிளாஸ்டிக்கில் சுற்றி இருக்கின்றன. எனக்கு ஏதாவது ஆனால் எடுப்பவர்கள் ஒரு நாட்டிடம் மட்டும் கொடுக்க வேண்டாம். எல்லா நாட்டுக்கும் கொடுங்கள். பதினொரு இடங்கள் குறித்திருக்கிறேன். அந்தப் பதினொரு கரையிலும் யாராவது போய்க் கேட்க வேண்டும், அந்தத் தேதியில் திரும்பி வராதவர்கள் யார் என்று.

2:10

சித்திரவேல் அண்ணனின் தலையை மடியில் வைத்து, முகத்தில் வெயில் படாமல் என் ஜாக்கெட்டால் மறைத்துக்கொண்டிருக்கிறான். சற்று முன் நிமிர்ந்து கேட்டான்.

"கப்பல்ல பேசுன அக்கா ஒங்ககூட வரலியா?"

நான்தான் அது என்றேன்.

ஜாக்கெட்டை அண்ணன் முகத்தின் மேல் சரிசெய்தான். திட்டுவான், அடிப்பான் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"ஏன்க்கா இவ்ளோ நேரம்?"

"அனுமதி கேட்டுக்கிட்டு இருந்தேன் தம்பி."

"யாருகிட்ட?"

சுக்கானைத் திருத்திப் பிடித்தேன். கரைக்கு இன்னும் முப்பத்தெட்டு மைல். அவன் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறான். மறுபடியும் கேட்கிறான்.