பதினெட்டு வளைவுகளுக்காக வாங்கிய டயர்கள்

நேற்று மகள் வீட்டுக்குப் போவதற்காகச் செங்கலடிச் சந்தியில் கரடியனாறு போகும் பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்துக் கடையில் லொறியிலிருந்து புது டயர்களை உருட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் அந்த ரப்பர் மணம் முகத்தில் அடித்ததும் கால் தானாக அங்கே போனது. ஒரு டயரில் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தேன். "என்ன வேணும் அம்மா?" என்று கடைக்காரர் கேட்டார். அதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை உங்கள் நினைவோடுதான் நின்றேன்.

கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்தே உங்கள் காரை நான் வெறுத்தேன். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, கூரையை மடிக்கக்கூடிய, சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். மலைநாட்டில் ஒரு தோட்டத்துரை நாட்டை விட்டுப் போகும்போது நீங்கள் வாங்கியது. நான் மருத்துவமாது. பிள்ளை பெற்ற வீடுகளுக்கு மணலில் சைக்கிள் மிதித்துப் போவேன். நீங்களோ கல்லடி வீட்டின் பின்கொட்டிலில் அதை வைக்கோலால் மூடி வைத்திருந்தீர்கள். வாகனம் கேட்டு வருகிறவர்களுக்கு 'இல்லை' என்று சொல்ல முடியாத சண்டைக்காலம் அது. கண்ணில் படாமல் இருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு. பத்து வருடத்துக்கு மேல் அப்படியே நின்றது.

பிறகு சமாதானம் என்று சொல்லிப் பாதைகளைத் திறந்தார்கள். ஊரே கொழும்புக்கும் கதிர்காமத்துக்கும் ஓடியது. நீங்கள் வைக்கோலை அள்ளிவிட்டு டயர்களின் முன்னால் குந்தியிருந்தீர்கள். நாலிலும் வயல் வெடிப்புப் போல வெடிப்பு.

"ஓடித் தேஞ்சிருந்தா கவலையில்ல புள்ள. இது நிண்டு செத்த டயர்" என்றீர்கள்.

கொழும்பில் வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஒரு பகல் முழுவதும் கடை கடையாக ஏறி இறங்கினோம். முதல் கடைக்காரர் அகலமான டயரைக் காட்டி, பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்றார். திருப்பும்போது மட்கார்டில் உரசும் என்று தள்ளிவிட்டீர்கள். அடுத்த கடையில் பக்கவாட்டிலிருந்த எண்களைக் கண்ணாடி போட்டு வாசித்தீர்கள். "புதுசு எண்டு பேர்தான். செஞ்சு மூணு வருசம்" என்று என் காதில் சொன்னீர்கள். மூன்றாவது கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று கடினமான ரப்பர், நாலைந்து வருடம் தேயாது. மற்றது மெத்தென்றது. மழைத்தண்ணீரை ஒதுக்க ஆழமான வெட்டுகள். ரோட்டை நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

எனக்குக் கோபம் வந்தது. "நம்மட ரோட்டுக் குழிக்கு இது எத்தின நாளைக்கு? கன காலம் இருக்கிறத எடுங்க."

நீங்கள் மெத்தென்ற டயரில் நகத்தை அழுத்தினீர்கள். "கன காலம் இருக்கிறது வேணாம் புள்ள. நல்லாப் பிடிக்கிறது வேணும். நாம பதினெட்டு வளைவுக்குப் போறம்."

மகியங்கனையிலிருந்து கண்டிக்கு ஏறும் மலைப்பாதை அது. அதில் என்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது பெண்பார்க்க வந்த அன்றைக்கே உங்களுக்கு இருந்த ஆசையாம். கடைவாசலில்தான் அதை எனக்குச் சொன்னீர்கள்.

அம்பாறை வழியாகப் போனோம். மலை தொடங்கும் இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. கூரை ஒழுகி என் மடியிலிருந்த சோற்றுப் பார்சல் நனைந்தது. முதல் மூன்று வளைவுக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த கோயில்களுக்கெல்லாம் நேர்த்தி வைத்தேன்.

"கண்ணத் திறந்து பாரு. நாம வழுக்கல்ல."

திறந்தேன். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் முகில். ரோட்டில் தண்ணீர் வாய்க்காலாக ஓடியது. கார் அதன் மேல் பல்லி சுவரில் ஒட்டியது போலத் திரும்பியது. அதற்கடுத்த வளைவில் யாரோ கத்துவது கேட்டது. நான்தான். பயத்தில் அல்ல. உச்சியில் நிறுத்தி, "தேத்தண்ணி குடிப்பமா?" என்று கேட்டீர்கள்.

"வேணாம். காரைத் திருப்புங்க. மறுகா ஒருக்கா ஏறுவம்."

நீங்கள் என்னைப் பார்த்த பார்வை! நாற்பது வயதில் எனக்குள்ளே அப்படி ஒரு பெண்பிள்ளை இருந்தாள் என்று எனக்கே தெரியாது. இறங்கினோம், ஏறினோம். நனைந்த சோற்றை உச்சியில் நின்று தின்றோம்.

அடுத்த வருடம் மகளையும் இருத்தி நெருக்கிக்கொண்டு போகலாம் என்று பேசினோம். போகவில்லை. மறுபடியும் சண்டை வந்தது. வாகரைப் பக்கத்துச் சனம் காடும் கடலோரமுமாக நடந்து எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. நான் வேலை பார்த்த பிரிவிலிருந்த பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு ஏழெட்டுக் குடும்பம். லேண்ட்மாஸ்டர் உழவு மெஷின் இழுக்கும் பெட்டியில் பீப்பாய்களை வைத்துத்தான் அவர்களுக்குத் தண்ணீர் வந்தது. ஒரு நாள் அந்தப் பெட்டியின் இரண்டு டயரும் கிழிந்து போயின. பாதை பூட்டியிருந்ததால் ஊரில் எங்கும் டயர் இல்லை. பிறந்து நாலு நாளான பிள்ளையைத் துடைக்கத் தண்ணீர் இல்லாமல் தாய் ஒருத்தி அழுததை, மத்தியானம் உங்களுக்குச் சோறு போடும்போது சொன்னேன். பீங்கானைக் கழுவி வைத்துவிட்டு, "அந்தப் பெட்டிக்கு என்ன அளவு?" என்று மட்டும் கேட்டீர்கள்.

மறுநாள் காலையில் ஜாக்கிச் சத்தம் கேட்டுக் கொட்டிலுக்கு ஓடினேன். மூன்று டயர் கழன்றிருந்தது. நாலாவதைக் கழற்றிக்கொண்டிருந்தீர்கள்.

"பெட்டிக்கு ரெண்டுதானே?"

"அளவு சரிதான். ஆனா இது மெத்து ரப்பர். கிறவல் கல்லு ரோட்டில தேஞ்சிரும். மற்ற ரெண்டும் மாத்துறதுக்கு."

"நான் உங்கட்டக் கேக்கல்லையே" என்றேன். அழுகை வந்துவிட்டது. எதை வெறுத்தேனோ அதற்காக அழுதேன்.

"நீ கேட்டிருந்தா நான் யோசிச்சிருப்பன் புள்ள" என்றீர்கள். கையில் கிரீஸ் இருந்ததால் முழங்கையால் என் தோளைத் தட்டினீர்கள்.

அந்த நாலு டயரும் மாரி முடியும் வரை தண்ணீர் இழுத்தன. பிறகு நூல் தெரியத் தேய்ந்து, எங்கேயோ எறியப்பட்டன. கார் கட்டைகளின் மேல் நின்றது. நீங்கள் அதைப் பற்றி ஒரு சொல்லும் குறைப்படவில்லை. உங்களுக்குப் பிறகு, சண்டையும் முடிந்ததும், கொழும்பிலிருந்து ஒருவர் லொறி கொண்டுவந்து அதை ஏற்றிப்போனார். சண்டை முடிவதைக் காரும் பார்த்தது, நானும் பார்த்தேன். நீங்கள்தான் இல்லை.

உங்களுக்கு இதயம் பெருத்திருக்கிறது என்றார் டாக்டர். கொழும்புக்கு அனுப்பினால் உடம்பு தாங்காது என்றும் சொன்னார். கடைசி நாள் காலை பதினொரு மணியிருக்கும். வார்டில் பார்க்க வந்த சொந்தக்காரருக்கெல்லாம் பகிடி சொல்லிச் சிரிக்கவைத்து அனுப்பினீர்கள். "என்ன மனிசன், ஒரு துளி பயமில்ல" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். எல்லாரும் போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். நான் பக்கத்தில் வந்து குனிந்தேன்.

"பயமா இரிக்கு புள்ள" என்றீர்கள்.

"எனக்கும்" என்றேன்.

கையை நீட்டினீர்கள். பிடித்தேன்.

ஊரில் இன்றைக்கும் உங்களைப் பயமறியாத மனிதர் என்றுதான் சொல்கிறார்கள். மகளும் தன் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லி வளர்க்கிறாள். நான் திருத்தவில்லை. அந்த ஒரு சொல்லை நீங்கள் எனக்கு மட்டும்தான் சொன்னீர்கள். அதை நான் வேறு யாருக்கும் கொடுக்கப்போவதில்லை.