அண்ணன் எனக்குத் தராத ஆம்ப்ளிஃபையர்

என் ஆசை ஜோசப் அண்ணா,

நீ போன பிறகு வந்த முதல் மழை இது. நீ மேஸ்திரியாக நின்ற உப்புப் பாத்திகள் எல்லாம் ஏரி மாதிரி கிடக்கின்றன. குவித்த உப்பைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். ரோட்டை அகலப்படுத்துகிறேன் என்று தோண்டிப் போட்டதில் திண்டிவனம் லேபுக்கு நான் தினமும் லேட்டாகத்தான் போகிறேன்.

ஆனால் அதைச் சொல்ல உனக்கு எழுதவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஹக்கீம் நம் வீட்டுக்கு வந்தான். அதைச் சொல்லத்தான்.

ஹக்கீமை எனக்குப் பிடிக்காது என்று உனக்குத் தெரியுமா? துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு கூனிமேட்டுக்குத் திரும்பி வந்த பையன், உன் வால்வு ஆம்ப்ளிஃபையரைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு ஒருநாள் வந்து நின்றான். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் நீயும் அவனும்தான். முன் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவீர்கள். அதன் கண்ணாடி வால்வுகள் பல்பு மாதிரி மெல்லச் சிவந்து வரும்வரை ரெண்டு பேரும் பேசமாட்டீர்கள். உள் ரூமில் துணி மடித்துக்கொண்டே நானும் அதே பாட்டைத்தான் கேட்டேன். அந்தப் பழைய படப்பாட்டில் பாடுகிற அம்மா சரணத்துக்கு முன்னால் மூச்சு இழுப்பாளே, அது சுவர் தாண்டி எனக்கும் கேட்கும். நீ ஒருநாளாவது "ஸ்டெல்லா, இங்க வந்து உட்காரு" என்று கூப்பிட்டிருக்கிறாயா?

போன வருஷம் நான் டூட்டி முடிந்து வந்தபோது மேசை மேல் ஆம்ப் இல்லை. அது இருந்த இடம் மட்டும் தூசி படாமல் கறுப்பாக இருந்தது. "எங்கண்ணா?" என்றேன்.

"ஹக்கீமுக்குக் கொடுத்துட்டேன். அவனுக்குக் காது இருக்குது."

ஸ்பீக்கர் ரெண்டும் இங்கேயே இருக்கட்டும், அவனிடம் வேறு இருக்கிறது என்றாய். எனக்குப் பெட்டி, அவனுக்கு உயிர். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. நீ கவனிக்கவும் இல்லை.

அது போதாதென்று அடுத்த மாதம் ஆஸ்பத்திரி. பாண்டிச்சேரியில் உன்னை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகிறார்கள். கால் வீக்கம் எப்போதிலிருந்து, முன்னாடி யாரிடம் காட்டினீர்கள், என்ன மாத்திரை என்று டாக்டர் கேட்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் ஹக்கீம் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டான். உன் கிட்னி கெட்டுப்போய் மாதக்கணக்கானது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தினமும் ஊரார் ரத்தத்தை டெஸ்ட் செய்கிற உன் தங்கச்சிக்குத் தெரியவில்லை. கால் ஏன் வீங்கியிருக்கிறது என்று நான் கேட்டபோது, "நாள் பூரா பாத்தியில நின்னா வீங்காதா?" என்றாயே அண்ணா. நம்பினேனே.

அடக்கத்தன்று எல்லாரும் அவனைத்தான் கட்டிப்பிடித்து அழுதார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றுகொண்டு நான் உன்னை நினைத்து அழுததைவிட அவனைப் பார்த்து எரிந்ததுதான் அதிகம்.

வீடு அமைதியானதும் எனக்கு ஒரு வெறி வந்தது. உன் ஆம்பைவிட நல்ல ஆம்ப் ஒன்று வாங்க வேண்டும், அதை ஹக்கீம் கேட்க வேண்டும். வால்வு ஆம்ப் விலை என் சம்பளத்துக்குக் கனவு. அதனால் டிரான்சிஸ்டர் ஆம்பில் அந்த வெதுவெதுப்பான சத்தத்தைத் தேடினேன். பாண்டிச்சேரியில் ஒரு கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சாருக்காம்மா?"

"எனக்குத்தான்."

"அப்போ இதை எடுத்துக்கங்க. ப்ளூடூத் இருக்குது, லைட்டெல்லாம் மின்னும்."

"லைட் வேணாங்க. சத்தம் காதைக் குத்தக் கூடாது. பாடறவங்க பக்கத்துல உட்கார்ந்து பாடற மாதிரி இருக்கணும்."

"அதெல்லாம் வால்வுலதாம்மா வரும். டிரான்சிஸ்டர்ல அதைக் கேக்காதீங்க."

அவர் சொன்னது பாதிதான் சரி. லேபில் மெஷின் ஓடுகிற நேரமெல்லாம் போனில் தேடித் தேடிப் படித்தேன். பழைய ஜப்பான் ஆம்ப்கள் சிலவற்றில் கனமான டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், சத்தம் அவ்வளவு கறாராக இருக்காது என்றார்கள். கிளாஸ் ஏ என்று ஒரு வகை. பாட்டு ஓடாதபோதும் கரண்டைக் குடித்துக்கொண்டு சூடாகவே இருக்கும். நல்லதில் ஒன்று கிடைத்தால் குரல் குழைந்து வரும். புதிதாக வாங்கினால் கட்டாது. செகண்ட் ஹேண்டில் பொறுமையாகக் காத்திருந்தால் சிக்கும். எத்தனை வாட்ஸ் என்று பார்த்து ஏமாறாதே, சின்ன ரூமுக்குக் கொஞ்சமே போதும் என்றும் படித்தேன். நீ இதையெல்லாம் ஹக்கீமிடம் பேசியிருப்பாய். நான் முன்பின் தெரியாதவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கடைசியில் திண்டிவனத்திலேயே கிடைத்தது. வீடு காலி செய்கிற ஒரு தம்பதி விற்றார்கள். வெள்ளி முகப்பு, ஒரு பக்கம் கரகரவென்று கேட்டது. "மழையில நனைஞ்சதில்லைங்க, சும்மா கிடந்தது" என்றார் அந்த அம்மா. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கைக்குழந்தை கனம் இல்லை, பத்து வயசுப் பிள்ளை கனம். வால்யூம் திருகில் கிளீனர் அடித்துத் திருப்பித் திருப்பி விட்டதும் கரகரப்பு போய்விட்டது.

ஆனால் பாட்டு போட்டால் சுத்தமாக இருந்தது, வறட்சியாக இருந்தது. உன் செட்டின் அந்தத் தளர்ச்சி இல்லை. உட்கார்ந்து அழுதேன், சிரிக்காதே. பிறகு ஒருவர் இணையத்தில் வழி சொன்னார். வால்வு ஆம்ப் ஸ்பீக்கரை இறுக்கிப் பிடிக்காது, கொஞ்சம் விட்டுப் பிடிக்கும், பாதி வெதுவெதுப்பு அதில்தான் இருக்கிறது. ஸ்பீக்கர் ஒயரில் பெட்டிக்கு ஒன்றாக, கரண்டைக் கொஞ்சம் தடுக்கிற சின்ன ரெசிஸ்டர் போட்டுப் பார் என்றார். சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக இருக்கிறது அது. டீ குடிக்கிற காசுக்குக் கிடைத்தது. நானே ஒயரை வெட்டிப் பூட்டினேன்.

அண்ணா, பாடுகிற அம்மா மூச்சு இழுத்தாள். சுவர் தாண்டி அல்ல, என் முழங்காலுக்கு எதிரே.

உடனே ஹக்கீமுக்குப் போன் போட்டேன். வந்தான். எதுவும் சொல்லாமல் அவனை உட்காரவைத்துப் பாட்டைப் போட்டேன். முடிந்தும் அவன் எழுந்திருக்கவில்லை.

"வால்வா அக்கா?"

"டிரான்சிஸ்டர்."

"பொய் சொல்லாதீங்க." எழுந்து ஆம்பின் பின்னால் குனிந்து பார்த்தான். "அல்லா சத்தியமா எனக்கு வயித்தெரிச்சலா இருக்குதுக்கா."

நான் எத்தனை நாளாகக் காத்திருந்த வார்த்தை! இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவன் விடவில்லை. "அண்ணன் செட்டு உங்களுக்குச் சேர வேண்டியது. நாளைக்கே ஆட்டோவுல ஏத்தி அனுப்பிடறேன்" என்றான்.

"எனக்கு வேணாம். எங்கண்ணன் ஏன் உனக்குக் கொடுத்தாரு? அதைச் சொல்லு."

"நான் கேட்டேன், கொடுத்தாருக்கா. உங்க தங்கச்சிக்கு வேணாமான்னும் கேட்டேன். அவளுக்கு இதுல இஷ்டம் இல்லடா, ஒருநாளும் வந்து உட்கார்ந்தது இல்லைன்னாரு."

கூப்பிடுவாய் என்று நான் உள்ளே இருந்தேன். வருவேன் என்று நீ வெளியே இருந்தாயா? யாரிடம் போய்க் கேட்பேன் இதை?

"உடம்பைப் பத்தி உங்கிட்ட சொன்னாரே, எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நானும் சண்டை போட்டேன்க்கா. அவ நாள் பூரா ரிப்போர்ட் பார்த்துட்டு வீட்டுக்கு வர்றா, வீட்டுலயாவது என்னை அண்ணனாப் பார்க்கட்டும்னாரு."

நல்ல காரணம்தான். ஆனாலும் என் கோபம் போகவில்லை, பொறாமையும் போகவில்லை. நீ பயந்தது, நீ அழுதது, டாக்டர் வாசலில் நீ உட்கார்ந்திருந்தது, எல்லாமே அவனிடம் இருக்கிறது. ஆம்ப் கடையில் கிடைக்கும். அந்த நாட்கள் எந்தக் கடையில் கிடைக்கும்?

அதனால் அவனிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். "ஞாயித்துக்கிழமை வா, கேளு. ஆனா எங்கண்ணனைப் பத்தி எனக்குத் தெரியாத ஒண்ணைச் சொன்னாத்தான் அடுத்த பாட்டு." சரியென்றான். அங்கேயே ஒன்று சொன்னான். டாக்டரைப் பார்த்துவிட்டு வரும்போது கூனிமேட்டில் பைக்கை நிறுத்தச் சொல்லி, செருப்பைக்கூடக் கழற்றாமல் கடலில் இறங்கி நின்று சத்தமாகச் சிரித்தாயாமே. நீயா அண்ணா?

உன்னை அவனோடு விட்டுவிட்டு உட்கார மாட்டேன். ஒவ்வொரு ஞாயிறாகக் கேட்டு உன்னை அவனிடமிருந்து முழுசாக வாங்கிவிடுவேன். இது உனக்கு நான் கொடுக்கிற சத்தியம்.

இப்படிக்கு,
உன்னோடு கூடப் பிறந்த ஒரே ஒருத்தி,
ஸ்டெல்லா